குளியலறையில் பிறந்த ரிவெர்ப்

குளியலறையில் பாடினால் நம் குரல் நமக்கே பிடித்துவிடும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி செய்யும் வேலை அது. இதைத்தான் ரிவெர்ப் என்கிறோம்.

1947-ல் சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர், ஸ்டூடியோ குளியலறையில் ஸ்பீக்கரும் மைக்கும் வைத்து ஹார்மோனிகாட்ஸ் குழுவின் இசைக்கு எதிரொலி சேர்த்தார். 1957-ல் ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் அறைக்குப் பதிலாக ஒரு பெரிய எஃகுத் தகட்டை அதிர வைத்தது. எடை சுமார் 270 கிலோ! இதையெல்லாம் வீட்டில் வைக்க முடியுமா?

1986-ல் அலெசிஸ் மிடிவெர்ப் வந்தது. கையடக்கமான டிஜிட்டல் பெட்டி, விலை 400 டாலருக்குள். ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கம் வீட்டுக் கொல்லையில் ஸ்டூடியோ கட்டியதும் அந்தக் காலத்தில்தான், 1989-ல். 2000-ல் ஃப்ரீவெர்ப் என்ற நிரல் இலவசமாகவே வெளியானது. ஆடாசிட்டியில் உள்ள ரிவெர்ப் அதன் வழி வந்ததுதான்.

தாம்பரத்தில் எங்கள் வீடு ரயில் பாதையோரம். ரிவெர்ப் பெட்டி வாங்க டியூஷன் எடுத்துப் பணம் சேர்த்திருந்தேன். வாங்கும் முன் ஆடாசிட்டியில் போட்டுப் பார்த்தேன். என் குரலோடு பீச் லோக்கலும் சேர்ந்து எதிரொலித்தது :-)

காமர்ஸ் மாணவனின் கணக்கு இப்போது இதுதான்: ரிவெர்ப் இலவசம், பணம் நல்ல மைக்குக்கு, பாட்டு கடைசி லோக்கல் போன பிறகு.