வைரஸ் இருக்கிறது, நோய் இருக்கிறதா? – உள்நோயாளிகளில் ஹெர்பிஸ் தொற்றைத் தீர்மானித்தல்

மனிதரைப் பற்றும் ஹெர்பிஸ் வைரஸ்கள் ஒன்பது. முதல் தொற்று அடங்கிய பின்னும் உடலை விட்டு நீங்காமல் நரம்பு முடிச்சிலோ வெள்ளணுவிலோ பதுங்கியிருந்து, எதிர்ப்பாற்றல் சரியும்போது தலைதூக்குவது இவற்றின் பொதுக் குணம். இந்தியப் பெரியவர்களில் பெரும்பாலோர் சைட்டோமெகலோ வைரஸுக்கான (சி.எம்.வி.) எதிர்ப்பொருளைச் சுமப்பவர்கள். ஆகவே கட்டிலில் கிடப்பவரின் உடலில் இக்குடும்பத்து வைரஸ் ஒன்று அகப்படுவதில் வியப்பில்லை. அவருடைய இன்றைய நோய்க்கு அதுதான் காரணமா என்பதைப் பி.சி.ஆர். அறிக்கை தானாகச் சொல்லிவிடாது. மாதிரி எந்த இடத்தில் எடுத்தது, நோயின் எத்தனையாவது நாளில் எடுத்தது, காத்திருந்தால் நேரும் இழப்பு என்ன ஆகிய மூன்றுமே அந்த அறிக்கைக்கு எடை தருகின்றன. ஒரே பரிசோதனையின் ஒரே முடிவை ஒரு வார்டில் நம்பவும் இன்னொரு வார்டில் ஐயுறவும் வேண்டும் என்பதே என் வாதம்.

எளிய ஹெர்பிஸ் வகை 1 தரும் மூளை அழற்சியை முதலில் பார்ப்போம். காய்ச்சலோடு வருபவர் பேச்சில் தடுமாறுகிறார், வீட்டாரைப் பெயர் மாற்றி அழைக்கிறார், இல்லாத நாற்றம் அடிப்பதாகச் சொல்கிறார், பிறகு வலிப்பு. மனக்கோளாறு என்றெண்ணி வீட்டிலேயே நாள் கடத்திவிடுவதும் உண்டு. தமிழ்நாட்டில் இதே தோற்றத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும், ஸ்க்ரப் டைஃபஸும், காசநோய் மூளையுறை அழற்சியும் வரும். எம்.ஆர்.ஐ. படத்தில் நெற்றிப்பொட்டு மடல் வீங்கியிருந்தால் ஹெர்பிஸ் பக்கம் சாயலாம். இரு தலாமஸ்களும் பாதிக்கப்பட்டிருந்தால் ஜப்பானிய வகையை நினைக்க வேண்டும். முதுகுத் தண்டுநீரில் சர்க்கரை நன்றாகக் குறைந்திருந்தால் காசநோயை விலக்காமல் மேலே போகக் கூடாது.

சிகிச்சை இல்லாவிட்டால் இந்நோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இறந்துபோவர். 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வில் வைடராபின் பெற்றவர்களில் 54 விழுக்காடாக இருந்த இறப்பு, அசைக்ளோவிர் பெற்றவர்களில் 28 ஆகக் குறைந்தது. தண்டுநீர் பி.சி.ஆரை மூளைத் திசுப் பரிசோதனையோடு ஒப்பிட்ட 1995ஆம் ஆண்டு ஆய்வு அதன் உணர்திறனை 98 விழுக்காடு என்று கணித்தது. இவ்வளவு நல்ல பரிசோதனையும் நோயின் முதல் மூன்று நாள்களில் ‘இல்லை’ என்று சொல்லிவிடக்கூடும். எனவே ஐயம் எழுந்த உடனே, முடிவுக்குக் காத்திராமல், கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் எட்டு மணிக்கு ஒருமுறை அசைக்ளோவிர் தொடங்க வேண்டும். மருந்து சிறுநீரகத்தில் படிகமாகத் தேங்காதபடி சலைனைத் தாராளமாக ஏற்ற வேண்டும். முதல் அறிக்கை ‘நெகட்டிவ்’ என்றதும் மருந்தை நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். நோயின் போக்கு ஹெர்பிஸையே காட்டும்போது மூன்று முதல் ஏழு நாள்களுக்குள் மீண்டும் தண்டுநீர் எடுத்துப் பார்த்தாக வேண்டும். இங்கே ‘டார்ச்’ பேனல் என்ற பெயரில் இரத்த எதிர்ப்பொருள்களைக் கேட்டு எழுதுவது வீண்செலவு. ஐ.ஜி.ஜி. பழைய தொற்றைச் சொல்லும், ஐ.ஜி.எம். பல வேளைகளில் எதையும் சொல்லாது.

குணமானவர் சில வாரங்களில் மீண்டும் குழம்பினால் வைரஸ்தான் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. 2018இல் வெளிவந்த ஸ்பானிய ஆய்வில் பின்தொடரப்பட்ட 51 பேரில் 14 பேருக்கு உடலின் சொந்த எதிர்ப்பொருள்களே இரண்டாவது மூளை அழற்சியைத் தந்திருந்தன. அவர்களுக்கு வேண்டியது ஸ்டீராய்டு போன்ற, எதிர்ப்பாற்றலை அடக்கும் சிகிச்சை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கணக்கு தலைகீழ். ஐந்து நாளோ அதற்கு மேலோ வென்டிலேட்டரில் இருந்த 201 பேரை ஆராய்ந்த பிரெஞ்சுக் குழு (2007), 129 பேரின் கீழ்ச் சுவாசப் பாதையில் எளிய ஹெர்பிஸைக் கண்டது. ஆனால் நுரையீரல் அழற்சிக்கு வைரஸே காரணம் என்று தீர்மானிக்க முடிந்தது 42 பேரில்தான். வாய், தொண்டையில் வைரஸ் எழுந்தவர்களுக்கு முன்கூட்டியே அசைக்ளோவிர் கொடுத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டின் சோதனையிலும் வென்டிலேட்டர் இல்லாத நாள்கள் கூடவில்லை. சளியில் வைரஸ் இருப்பது உடல் தளர்ந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். செல்களில் வைரஸ் தடயமோ மூச்சுக்குழலில் புண்ணோ தெரியாதவரை நான் பொறுத்திருப்பேன்.

தோலில் வேலை எளிது. கொப்புளத்தின் அடியைச் சுரண்டி, கீம்சா சாயமேற்றிப் பார்த்தால் பல கருக்கொண்ட பெருஞ்செல்கள் தெரியும். அக்கியா எளிய ஹெர்பிஸா என்று மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. அக்கிக்குக் காவி பூசிக்கொண்டு வருபவரின் கொப்புளங்களைத் துடைத்துப் பார்க்காமல் எதுவும் எழுதக் கூடாது. எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்களில் அக்கி வைரஸால் கடும் வயிற்றுவலியும் கல்லீரல் நொதி உயர்வும் முதலில் வந்து, கொப்புளம் பிறகு தோன்றுவதும் உண்டு.

உறுப்பு மாற்றுப் பெற்றவர்களில் சி.எம்.வி.யின் அளவைக் காட்டிலும் அது ஏறும் வேகமே பயன்படும். 2010இல் உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவீடு வந்த பின்னும் பிளாஸ்மாவில் எடுத்த எண்ணையும் முழு இரத்தத்தில் எடுத்த எண்ணையும் ஒப்பிடுவது தவறு. ஒரே ஆய்வகம், ஒரே வகை மாதிரி என்று வைத்துக்கொள்வதே நல்லது. குடல் நோயில் இரத்தம் சுத்தமாக இருந்தும் பெருங்குடல் புண்ணின் திசுவில், ஆந்தைக்கண் போன்ற உட்பொருளோடு வைரஸ் தெரியலாம்.

எல்லாவற்றிலும் சிக்கலானது ஹெர்பிஸ் குடும்பத்தின் ஆறாம் எண் வைரஸ் (எச்.எச்.வி.-6). சுமார் 1 விழுக்காட்டினர் இதன் மரபணுவைத் தங்கள் குரோமோசோமிலேயே பெற்றோரிடமிருந்து பெற்றுப் பிறக்கிறார்கள். அவர்களின் ஒவ்வொரு செல்லிலும் அது இருக்கும். பல கிருமிகளை ஒரே ஓட்டத்தில் தேடும் பேனல்கள் இதையும் சேர்த்தே தேடுவதால், வேறு காரணத்தால் தண்டுநீரில் வெள்ளணு கூடிய ஒருவருக்கு ‘ஆறாம் எண் வைரஸ் உள்ளது’ என்று அறிக்கை வரலாம். எலும்பு மச்சை மாற்றுப் பெற்றவருக்கு இதை நம்பி கான்சிக்ளோவிர் கொடுத்தால் புதிதாக வேர்பிடித்த வெள்ளணுக்கள் சரியும். முழு இரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை வெள்ளணு எண்ணிக்கைக்கு ஏறக்குறைய சமமாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஐயம் தீராவிட்டால் வேரோடு பிடுங்கிய சில தலைமுடிகளைப் பி.சி.ஆருக்கு அனுப்பலாம். முடிவேரிலும் வைரஸ் இருந்தால் அது அவர் பிறவியிலேயே கொண்டுவந்தது.