கலாசாலைச் சகோதரத்துவமும் கல்கத்தா மாநகரமும்

அமெரிக்க நாட்டுக் கலாசாலைகளில் கிரேக்க எழுத்துக்களைப் பெயராகச் சூடிக்கொண்டு, இரகசியக் கைகுலுக்கலும் பிரமாணமும் பதக்கமுமாகப் பெருகிய மாணவர் சகோதர சங்கங்களுக்கெல்லாம் மூத்தது, 1776ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் வர்ஜீனியாவில் வில்லியம்-மேரி கலாசாலையில் தோன்றிய ஃபை பீட்டா கப்பா என்னும் சங்கம். ஆடவர்க்கே உரியதாயிருந்த அச்சங்கம் முதன்முதலாகப் பெண்களை அங்கத்தினராக ஏற்றது, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1875இல் வெர்மாண்ட் சர்வகலாசாலைக் கிளையிலேதான். அத்தகைய சங்கங்கள் அதே உருவில் நம் தேசத்தில் வேரூன்றவில்லை. ஆயினும், ஒரே வித்தியாசாலையில் பயில்வோர் குலத்தையும் சமயத்தையும் கடந்து சகோதரராய்க் கூடி வாழ முயன்ற வரலாறு நம்மிடத்தும் உண்டு. அது மிகத் தெளிவாகப் புலப்படுவது கல்கத்தாவில். அவ்வரலாற்றை நுணுகிக் காண்போர்க்கு ஒரு விசித்திரம் தோன்றும்: சமயமும் சாதியும் தளர்ந்த இடத்தில் பெண்ணுக்கு இடமில்லை; பெண்ணுக்கு இடம் கிடைத்த இடத்தில் சமயம் குறுக்கே நின்றது; இரண்டும் ஒருங்கே நெகிழ ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1817ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் திறக்கப்பெற்ற ஹிந்து கலாசாலை, பெயருக்கேற்ப, ஹிந்துச் சிறுவரை மட்டுமே சேர்த்துக்கொண்டது. அங்கே 1826இல், பதினேழு வயதிலேயே ஆசிரியராக வந்தமர்ந்தவர், போர்த்துக்கேசிய வழிவந்த யுரேஷியக் குடும்பத்தில் பிறந்த ஹென்றி லூயி விவியன் டெரோசியோ. அவரும் அவர்தம் மாணாக்கரும் 1828இல் அமைத்த அகாடமிக் அசோசியேஷன், முதலில் அவர் இல்லத்திலும் பின்னர் மாணிக்தலாவில் ஒரு தோட்ட வீட்டிலும் கூடி, விதியும் சுயேச்சையும், தேசபக்தி, விக்கிரக ஆராதனை, கடவுள் உண்டா இல்லையா என்பன போன்ற பொருள்களைத் தர்க்கித்தது. பிராமணரான கிருஷ்ண மோகன் பானர்ஜியும், பிராமணரல்லாத ரசிக கிருஷ்ண மல்லிக்கும் ராம்கோபால் கோஷும், பிற்காலத்தில் இமயச் சிகரங்களின் உயரத்தைக் கணக்கிட்டுப் புகழ்பெற்ற ராதாநாத் சிக்தாரும் அங்கே சமமாக வீற்றிருந்தனர். ஸ்காட்லாந்திலிருந்து கடிகார வியாபாரியாக வந்த டேவிட் ஹேரும், சில வேளைகளில் நீதிபதி எட்வர்ட் ரையனும் வந்து செவிமடுத்தனர். இருபது வயதும் நிரம்பாதவர்களுடைய வாதத்தைக் கேட்க நீதிபதி வந்து அமர்ந்தார் என்பது, அக்காலத்துக் கல்கத்தாவின் குணத்தைக் காட்டப் போதிய சான்று.

எனினும் அக்கூட்டத்தை நாம் மிகைபடப் போற்றுதல் தகாது. கல்கத்தாவிலேயே 1780 முதல் மதரஸா ஒன்று நடந்துவந்தபோதிலும், அதன் மாணவர் இவர்களோடு கலந்து தர்க்கித்தாரில்லை. கலாசாலையின் சட்டமே முஸ்லிம்களை வெளியில் நிறுத்தியிருந்தது. பெண்களைப் பற்றியோ பேசவே வேண்டா. பெண் கல்வி அங்கே விவாதப் பொருளாக இருந்தது, பெண் இருக்கவில்லை. 1831 ஏப்ரலில் நிர்வாகிகள் டெரோசியோவை விலக்கினர். அவ்வாண்டு டிசம்பர் 26இல் வாந்திபேதி கண்டு இருபத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். பின்னர் அவர் மாணாக்கர் 1838இல் நிறுவிய பொது அறிவு ஈட்டும் சங்கத்தில், 1843 பிப்ரவரி 8ஆம் நாள், தட்சிணாரஞ்சன் முகர்ஜி கம்பெனியாரின் நீதி பரிபாலனத்தையும் போலீசையும் கண்டித்து ஒரு கட்டுரை வாசிக்க, கலாசாலைத் தலைவர் காப்டன் ரிச்சர்ட்சன் எழுந்து தடுக்க, தலைமை வகித்த தாராசந்த் சக்கரவர்த்தி அவரையே அடக்கி அமர்த்தினார். அத்தட்சிணாரஞ்சனே, 1849இல் பெதூன் துரை பெண்களுக்கென்று பள்ளி தொடங்கியபோது அதற்கு நிலம் அளித்தவர் என்பது கவனிக்கத் தக்கது. நண்பர் கூட்டத்தில் பெண்ணுக்கு ஆசனம் அளிக்காத தலைமுறை, பெண்ணுக்குத் தனியே ஒரு கட்டடத்துக்கு இடம் அளித்தது.

1855இல் ஹிந்து கலாசாலை அரசாங்கத்தின் மாகாணக் கல்லூரியாகி எல்லாச் சமயத்தாருக்கும் திறந்துவிடப்பட்டது; இரண்டாண்டில் சர்வகலாசாலையும் எழுந்தது. அதன்பின் சட்டத்தின் தடை நீங்கிற்றாயினும் பழக்கத்தின் தடை நீங்கவில்லை. 1875இல் ஆனந்த மோகன் போஸ் நிறுவிய மாணவர் சங்கத்தில் சுரேந்திரநாத் பானர்ஜி மாஜினியைப் பற்றியும் சீக்கியர் எழுச்சியைப் பற்றியும் பேசிய பேச்சுக்கள் நூற்றுக்கணக்கான இளைஞரைக் கட்டி இழுத்தன. ஆனால் அச்சபைகளில் கூடியோர் பெரும்பாலும் ஹிந்து ஆடவரே.

பெண்களை ஆடவரோடு ஒரே கூடத்தில் அமரச் செய்யும் துணிவு பிரம்ம சமாஜத்தாரிடம் முதலில் தோன்றிற்று. 1872இல், கேசவ சந்திர சேனருடைய வழிபாட்டு மந்திரத்தில் தங்கள் மனைவியரும் மக்களும் திரைக்கு வெளியே அமர வேண்டும் என்று துர்காமோகன் தாஸும் துவாரகாநாத் கங்குலியும் அவ்விருவரின் நண்பரும் வாதாடினர்; இசைவு கிட்டாமையால் சிறிது காலம் தனியே வழிபாடும் நடத்தினர். 1879இல் ஆனந்த மோகனும் சிவநாத் சாஸ்திரியும் மாணவர்க்கென வாரந்தோறும் கூடும் சாத்ர சமாஜத்தை ஏற்படுத்தினர். இவ்வட்டத்திலிருந்தே காதம்பினி பாசு எழுந்தார். 1878இல் பெண்களைத் தேர்வுகளுக்கு அனுமதிக்கச் சர்வகலாசாலை தீர்மானித்தபின், அவர் ஒருவருக்காகவே பெதூன் பள்ளியில் கலாசாலை வகுப்புத் தொடங்கிற்று. ஆனால் அதே காலத்தில், கிறிஸ்தவப் பெண்ணான சந்திரமுகி பாசு, ஹிந்துக்களுக்கே உரியதாயிருந்த பெதூனில் இடமின்றி, பாதிரிமாரின் கலாசாலையில் பயில நேர்ந்தது. பெண்ணுக்கென்று கட்டிய வீட்டிலேயே ஒரு பெண்ணுக்கு அவள் மதத்தின் பொருட்டு இடம் மறுக்கப்பட்டது. பின்னர் விதி தளர்ந்து சந்திரமுகியும் உள்ளே வர, 1883இல் இருவரும் ஒருங்கே பட்டம் பெற்றனர். சில ஆண்டுகளில் அச்சந்திரமுகியே அக்கலாசாலைக்குத் தலைவியுமானார். அக்காலத்தில் கல்கத்தா வைத்தியக் கலாசாலை பெண்களை ஏலாமையால், துர்காமோகனின் புதல்வியும் பின்னாளில் ஜகதீச சந்திர போஸின் மனைவியுமான அபலா, 1882இல் நம் சென்னைக்கே வந்து வைத்தியம் பயின்றார் என்பதையும் தமிழர் அறிதல் நன்று.

இனி வருவது பிரமாணத்தால் கட்டப்பட்ட சகோதரத்துவம். 1902இல் சதீச சந்திர பாசு என்னும் மாணவர் தொடங்கி, பாரிஸ்டர் பிரமதநாத் மித்திரர் தலைமை ஏற்ற அனுசீலன் சமிதி, சிலம்பமும் தேகப்பயிற்சியும் வாசிப்பும் கற்பித்த சங்கமாகத் தொடங்கி, இரகசியப் புரட்சிக் கூட்டமாக மாறிற்று. டாக்காக் கிளையில் அங்கத்தினர் முதற் பிரதிக்ஞை, இறுதிப் பிரதிக்ஞை எனப் படிப்படியாக உறுதி செய்துகொண்டனர். காளியின் திருமுன், கீதையைத் தொட்டு உரைக்கும் அப்பிரமாணமே முஸ்லிமைப் புறத்தே நிறுத்தப் போதுமானதாயிற்று; பிரமசரியம் என்னும் விதியோ பெண்ணை நிறுத்தியது. தியாகத்தில் இவர்களை மிஞ்சியவர் இலர். ஆனால் கூட்டம் எவ்வளவு இறுகிற்றோ அவ்வளவு வாயில் சிறுத்தது என்பதை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. இத்தனைக்கும் அச்சமிதிக்குப் புத்தகங்கள் அளித்து ஊக்கியவர் சகோதரி நிவேதிதை. அவ்வம்மையாரைக் கல்கத்தாவில் கண்டபின்னரே பெண் விடுதலையைத் தம் தலையாய கொள்கையாகக் கொண்ட பாரதியார், 1908இல் வெளியிட்ட ஸ்வதேச கீதங்களை அவருக்கே சமர்ப்பித்தார்.

விடுதி வாழ்க்கையில் சகோதரத்துவம் எவ்வாறிருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். டாக்காவுக்கு அருகே ஓர் ஏழைக் கடைக்காரரின் மகனாய்ப் பிறந்த மேகநாத சாஹா, 1911இல் மாகாணக் கல்லூரியில் சேர்ந்து ஈடன் ஹிந்து விடுதியில் தங்கியபோது, உயர்குல மாணவர் சிலர் தம்மோடு உணவுக்கூடத்தில் அவர் அமர்வதை ஒவ்வாதாராயினர். நட்சத்திரங்களின் நிறமாலையை விளக்கிப் பின்னாளில் உலகப் புகழ் எய்தியவரை, ஒரே கல்லூரியில் பயின்ற சகோதரர் பந்தியிலிருந்து அகற்றினர். முஸ்லிம் மாணவர்க்கு 1910 முதல் பேக்கர் விடுதி தனியே இருந்தது. ஒரே வகுப்பில் அமர்ந்தவர்கள் மாலையானதும் மூவேறு உலைகளில் வெந்த சோற்றை உண்ணச் சென்றார்கள்.

பெண்கள் இவ்வாயில்களில் காத்து நிற்கவில்லை; தமக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். சைமன் கமிஷனைப் பகிஷ்கரித்த 1928ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தோன்றிய சாத்ரி சங்கம் வாசகசாலை, படிப்பு வட்டம், நீச்சல், தேகப்பயிற்சி எனப் பல துறைகளில் பரவியது. அதன் செயலாளர் கல்யாணி தாஸ். புரட்சியாளர் தினேஷ் மஜூம்தார் அங்கே சிலம்பம் கற்பித்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் பெண்ணை அண்டவிடாத கூட்டத்தின் வழிவந்தோரே இப்போது பெண்களிடம் ஆயுதத்தை நம்பி ஒப்படைத்தனர். கமலா தாஸ்குப்தா தந்த கைத்துப்பாக்கியோடு, கல்யாணியின் தங்கை பீனா தாஸ், 1932 பிப்ரவரி 6ஆம் நாள் சர்வகலாசாலைப் பட்டமளிப்பு விழாவில் வங்காள கவர்னர் ஸ்டான்லி ஜாக்ஸனைச் சுட்டார். குறி தவறிற்று, ஒன்பது ஆண்டுச் சிறை கிடைத்தது. அன்று நிறுத்திவைக்கப்பட்ட அவருடைய பட்டத்தைச் சர்வகலாசாலை 2012இல்தான் வழங்கிற்று. அப்போது அவர் உயிரோடில்லை. சாத்ரி சங்கமும் ஹிந்து, பிரம்மப் பெண்களின் வட்டமாகவே பெரிதும் இருந்தது என்பதையும் கூறிவிடல் வேண்டும்.

1936இல் லக்னோவில் அமைந்த அகில இந்திய மாணவர் சம்மேளனத்தின் வங்கக் கிளையில்தான் மாணவியர் தனிக் குழுவாகவும், பொதுச் சபையில் அங்கத்தினராகவும், இரு நிலைகளில் இடம் பெற்றனர். 1945 நவம்பர் 21ஆம் நாள், நேதாஜி படையினரின் விசாரணையை எதிர்த்துத் தர்மதலா வீதியில் திரண்ட மாணவரோடு இஸ்லாமியாக் கலாசாலை மாணவரும் வந்து சேர, காங்கிரஸ், லீக், செங்கொடி மூன்றும் ஒன்றாகக் கட்டப்பட்டன. போலீஸ் சுட்டதில் ராமேஸ்வர் பானர்ஜி என்னும் மாணவர் மாண்டார். 1946 பிப்ரவரியில் அப்படையைச் சேர்ந்த காப்டன் ரஷீத் அலிக்காக மீண்டும் அதே காட்சி. ஆறு திங்கள் கழிந்ததும், ஆகஸ்டு 16இல், அதே வீதிகளில் ஹிந்துவும் முஸ்லிமும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டனர்.

அப்பிளவை எந்தச் சங்கமும் ஒட்டவில்லை. ஆயினும் 1942இல் கல்லூரி வீதியின் ஆல்பர்ட் ஹாலில் காபி போர்டார் திறந்த காபிக் கடையில், பிரமாணமும் சந்தாவும் தலைவரும் இல்லாமல், மாணவரும் மாணவியரும் ஒரு கோப்பைக் காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து வாதாடும் வழக்கம் படிந்தது. வங்காளிகள் அட்டா என்று அழைக்கும் அவ்வுரையாடலைச் சங்கம் என்று கொள்ளுதல் ஆகுமா என்று அறிஞர் வினவலாம். எனக்கோ, எவரும் எவரையும் சேர்க்கவோ நீக்கவோ இயலாத அவ்விடமே, முன்சொன்ன சங்கங்கள் எல்லாவற்றினும் விசாலமாகத் தோன்றுகிறது. 1958இல் போர்டார் அதனை மூட முற்பட்டபோது, மாகாணக் கல்லூரி ஆசிரியரும் சர்வகலாசாலை ஆசிரியரும் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் விடுத்தனர். ஊழியரின் கூட்டுறவுச் சங்கத்தின் கீழ் அது அவ்வாண்டே மறுபடி திறக்கப்பட்டது.