வன்பொருள் இயக்கிகளில் முழுவெண் கணக்கு: சிறு சீரமைப்புகளை மதிப்பாயும் முறை

1. வரையறை

லினக்ஸ் கர்னலின் இயக்கிகள் கடிகார அலைவெண், மின்னழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றை முழுவெண்களாகவே கையாள்கின்றன. 45.5 டிகிரி என்பது அங்கே 45500 மில்லி டிகிரி. நிரலின் வடிவத்தை மாற்றி விளைவை மாற்றாத திருத்தத்தைச் 'சீரமைப்பு' என்கிறோம். ஒரு மாறி ஏற்கக்கூடிய மதிப்புகள் அனைத்தும் சேர்ந்தது அதன் 'மதிப்புப் புலம்'. 'விளைவு மாறாது' என்று எழுதுபவர் அந்தப் புலம் முழுவதற்கும் உறுதி கூறுகிறார். மதிப்பாய்வாளர் சோதிக்க வேண்டியது அந்த உறுதியைத்தான். வரிகள் அழகானவையா என்பது பிறகு.

2. வகைகள்

புலம் முழுவதும் பழைய விடையே வருமாயின் அது முழுச்சமம். இரு மாறிகளின் மதிப்பை இடம் மாற்றும் மூன்று வரிகளை 'ஸ்வாப்' மேக்ரோவாக்குவது இவ்வகை; இதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை.

புலத்தின் ஒரு பகுதியில் மட்டும் பழைய விடை வருவது பகுதிச்சமம். 'ரவுண்டப்' மேக்ரோவை 'ரவுண்ட்_அப்' ஆக்குவதைப் பார்ப்போம். அடிக்கோடு இல்லாதது எந்த எண்ணின் மடங்குக்கும் உயர்த்தும். உள்ளது இரண்டின் அடுக்குகளுக்கு மட்டுமே சரி. 25-ஐ 12-இன் மடங்குக்கு உயர்த்தச் சொன்னால் முதலாவது 36 தரும், இரண்டாவது 28 தரும். 16, 64 போன்றவற்றை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இது புலப்படாது.

3. பிழைக்கான ஏதுக்கள்

அகலம், குறி, வரிசை என ஏதுக்கள் மூன்று.

அகலம்: 48,000,000 ஹெர்ட்ஸை 32 பிட்டில் 100-ஆல் பெருக்கினால் 4,800,000,000 வராது, எல்லை தாண்டி மடங்கி 505,032,704 வரும். பிறகு வகுத்து என்ன பயன்?

குறியும் வரிசையும் பெரும்பாலும் சேர்ந்தே கெடுக்கின்றன. 2024-இல் எல்எம்95234, என்சிடி6775 முதலிய கண்காணிப்பு இயக்கிகளில் திருத்தப்பட்ட பிழை இத்தகையது. பயனர் எழுதிய வெப்ப வரம்பு முதலில் அருகிலுள்ள முழுவெண்ணுக்கு வகுக்கப்பட்டது. அதன்பின்னரே வரம்புக்குள் அடக்கப்பட்டது. -9223372036854775808 எழுதப்பட்டால் நடப்பதைப் பின்தொடர்வோம். எதிர்மறை எண்ணாதலால், அருகிலுள்ள முழுவெண்ணுக்கு வகுக்கும் மேக்ரோ முதலில் வகு எண்ணின் பாதியைக் கழிக்கிறது. அதற்குக் கீழே 64 பிட்டில் இடமில்லை. மதிப்பு மறுமுனைக்கு மடங்கி மாபெரும் நேர்மறை எண்ணாகிறது. அடக்கும் படி அதை மேல் வரம்பில் நிறுத்துகிறது. மிகக் குறைந்த வரம்பு கேட்டவருக்கு மிக உயர்ந்தது கிடைக்கிறது. அடக்கலை முன்னே கொண்டுவந்ததே தீர்வு. இரு படிகளும் முன்பே நிரலில் இருந்தவை என்பதற்காக, இத்தகைய இடமாற்றத்தை 'வெறும் அடுக்கல்' என்று தள்ளிவிடலாகாது.

4. வகுத்தல் என்னும் தனி வகை

'டூ_டிவ்' தன் முதல் உறுப்பிலேயே ஈவை வைத்துவிட்டு மீதியைத் திருப்பித் தரும். 'டிவ்_யு64' ஈவைத் திருப்பித் தரும். பெயரை மட்டும் மாற்றினால் மீதி வர வேண்டிய இடத்தில் ஈவு வரும், முதல் உறுப்பு வகுபடாமல் அப்படியே நிற்கும்.

மேலும், 'டூ_டிவ்' வகு எண்ணை 32 பிட்டாகவே கொள்ளும். 64 பிட் வகு எண் கண்ணில் பட்டால், நிரலை ஆராயும் காக்சினெல் கருவி எச்சரிக்கும். உடனே 64 பிட் வகு எண்ணை ஏற்கும் 'டிவ்64_யு64'-க்குத் தாவுவதை நாம் ஏற்பதில்லை. 32 பிட் செயலிகளில் அது கூடுதல் வேலை. அந்த வகு எண் உண்மையில் 32 பிட்டைத் தாண்டுமா என்று சில்லின் தரவுத்தாளைப் பார்த்துக் கேட்பதே முறை. கருவி தரவு வகையைக் காண்கிறது, புலத்தைக் காண்பதில்லை.

5. மதிப்பாய்வின் படிகள்

முதலில் புலத்தின் இரு முனைகளையும், சுழியத்தையும், குறி மாறும் இடத்தையும் பழைய கோவையிலும் புதியதிலும் இட்டுப் பார்க்கிறோம். விடை மாறினால், பழையதா புதியதா பிழை என்று தீர்மானிக்கிறோம். பழையது பிழையாயின் அந்தத் திருத்தம் சீரமைப்பு என்ற பெயரில் போகக் கூடாது. பிழைநீக்கமாகத் தனியே முதலிலும், வடிவ மாற்றம் அதன் மேலுமாக இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்கிறோம். நிலைப்பதிப்புகளைப் பேணுவோர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.