காலுக்குப் பிறந்த பலூன்

நெஞ்சு வலி வந்தவருக்கு பலூன் வைத்து அடைப்பை எடுத்தார்கள் என்றால் இன்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. அந்தப் பலூன் முதலில் போனது இதயத்துக்குள் அல்ல, காலுக்குள். அதற்குப் பத்தாண்டு முன்னால் அது பலூன்கூட இல்லை, வெறும் குழாய்.

1964 ஜனவரி 16. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரம். 82 வயது மூதாட்டி ஒருவரின் பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். முடியவே முடியாது என்றுவிட்டார் அவர். எக்ஸ்ரே துறை மருத்துவர் சார்லஸ் டாட்டரிடம் அவரை அனுப்பினார்கள். டாட்டர் தொடைத் தமனி வழியே மெல்லிய கம்பி ஒன்றை அடைப்பைத் தாண்டும்வரை செலுத்தினார். அந்தக் கம்பியின் மேலேயே ஒரு குழாய். அந்தக் குழாயின் மேல் அதைவிடத் தடித்த இன்னொரு குழாய். அவ்வளவுதான். சில நிமிடங்களில், சில்லிட்டிருந்த பாதத்தில் சூடு ஏறியது. ஒரு வாரத்தில் வலி போயிற்று. மூதாட்டி அதன்பின் இரண்டரை ஆண்டுகள் தன் சொந்தக் காலில் நடந்து வாழ்ந்தார்.

இந்த யோசனைக்கு வித்து அதற்கு முந்தைய ஆண்டே விழுந்திருந்தது. படம் எடுப்பதற்காக டாட்டர் செலுத்திய குழாய், இடுப்புத் தமனியில் இருந்த அடைப்பைத் தற்செயலாகத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. கைத்தவறு என்று அதை விட்டுவிடாமல், இதுவே வைத்தியமாகலாமே என்று நினைத்தார் பாருங்கள், அங்கேதான் அவர் பெரிய மருத்துவர். கிதார் தந்தியிலும் கார் ஸ்பீடோமீட்டர் கேபிளிலும் கம்பி செய்து பார்த்தவர் அவர். ஆனாலும் சொந்த நாட்டு அறுவை மருத்துவர்கள் அவரை நம்பவில்லை. படம் மட்டும் எடுங்கள், சரிசெய்ய முயலாதீர்கள் என்று சீட்டில் எழுதி அனுப்பியவரும் உண்டு.

குழாய் கடல் தாண்டியது. ஜெர்மனியில் எபர்ஹார்ட் சைட்லர் அதைக் கையில் எடுத்தார். அவரிடமிருந்து ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற இளம் மருத்துவர் வழியாக அது சூரிச் போய்ச் சேர்ந்தது. அதன் குறை அவருக்குத் தெரிந்தது: அடைப்பை எவ்வளவு விரிக்க வேண்டுமோ, அவ்வளவு பெரிய துளையைத் தொடையில் போட்டாக வேண்டும். சுருங்கிய நிலையில் உள்ளே போய், அடைப்புக்கு நடுவே விரிந்தால்? சாதாரண ரப்பர் பலூன் உதவாது; கெட்டியான அடைப்பை விட்டுவிட்டு, இளகிய பக்கமாகத்தான் அது உப்பும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் விரியாத பலூன் வேண்டும். உதவியாளர் மரியா ஷ்லும்ப்பும் வீட்டாரும் துணையிருக்க, தன் வீட்டுச் சமையலறை மேசையில் பிவிசி குழாயைச் சூடாக்கி, ஊதி, ஒட்டி, மாலைதோறும் உட்கார்ந்து அவர் அதை உருவாக்கினார். 1974 பிப்ரவரியில் அது ஒரு நோயாளியின் காலுக்குள் சென்றது. இதயத்தை எட்டியது 1977 செப்டம்பர் 16 அன்றுதான்.

டாட்டர், குருன்ட்சிக் இருவருமே 1985இல் மறைந்தார்கள்.

நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறதா, நின்றால் விட்டுவிடுகிறதா? சர்க்கரை நோய் உள்ள உங்கள் அப்பாவின் காலில் புண் ஆறாமல் இருக்கிறதா? கால் தமனியில் அடைப்பு இருக்கலாம்; வயசாயிற்று என்று விட்டுவிடாதீர்கள். எல்லாக் காலையும் பலூன் காப்பாற்றிவிடாது. ஆனால் காலை எடுக்கக் கையெழுத்துக் கேட்டால், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபட்சத்தில், ரத்த ஓட்டத்தைப் பார்த்தீர்களா, அடைப்பைத் திறக்க வழி உண்டா என்று முதலில் கேளுங்கள்.