அரைச் செக்கனில் நாலு கல்

உங்களுக்குக் கொக்கான் வெட்டத் தெரியுமா? தெரியாவிட்டால் அம்மம்மாவைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் இதை அஞ்சாங்கல் என்பார்கள். ஐந்து கல்லில் ஒன்றை மேலே எறிய வேண்டும். அது கீழே வருவதற்குள் நிலத்தில் கிடக்கும் நாலு கற்களை முதலில் ஒவ்வொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக, கடைசியில் நாலையும் சேர்த்து அள்ளி, எறிந்த கல்லையும் பிடிக்க வேண்டும்.

நான் படித்தது பொறியியல். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 சென்ரிமீற்றர் உயரம் போகும் கல் திரும்பி வர ஏறக்குறைய அரைச் செக்கன் ஆகும். அதற்குள் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ண நேரமில்லை. பார்த்தவுடனே தெரிய வேண்டும்.

அப்படிப் பார்த்தவுடன் எத்தனை தெரியும்? ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் தன் கண்ணையே சோதித்தார். அவரை விதைகளைப் பெட்டிக்குள் எறிவார். ஒரே பார்வையில் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, பிறகு எண்ணிச் சரிபார்ப்பார். இப்படி 1,027 தடவை செய்தார். மூன்றிலும் நாலிலும் ஒரு பிழையும் வரவில்லை. ஐந்தில் பிழை தொடங்கியது. 1871 இல் நேச்சர் இதழில் இதை எழுதினார்.

1949 இல் அமெரிக்காவில் கௌஃப்மனும் மூவரும் புள்ளிகளைச் செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே காட்டினார்கள். அந்தக் கணநேரத்திலும் சிறிய எண்கள் தப்பவில்லை.

அப்படியென்றால் கூடுதல் நேரம் கொடுத்தால் கூடுதலாகத் தெரியுமா? 1976 இல் அட்கின்சன், கேம்பெல், பிரான்சிஸ் மூவரும் பளிச்சென்ற ஒளியால் புள்ளிகளைக் காட்டினார்கள். ஒளி போனபிறகும் உருவம் கண்ணிலேயே தங்கியிருந்தது. நேரம் தாராளம். ஆனால் கண்ணை அசைத்தால் உருவமும் கூடவே அசையும். ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குப் பார்வையை நகர்த்த முடியாது. நாலு வரை பிழையில்லை, ஐந்தில் தடுமாற்றம். எண்ணுவதற்கு நேரம் மட்டும் போதாது, ஒவ்வொன்றாகப் போய் வரவும் வழி வேண்டும் என்பது அதில் தெரிந்தது.

நான் இருக்கும் ஹ்விடோவ்ரேக்குப் பக்கத்திலேயே, கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில், கிளவுஸ் புண்டெஸன் 1990 இல் ஒரு கோட்பாடு எழுதினார். பார்க்கும் பொருட்கள் குறுகியகால நினைவில் இடம்பிடிக்கப் போட்டிபோட்டு ஓடுகின்றன. அங்கே உள்ள இடங்களோ ஏறக்குறைய நாலு.

ஜெவன்ஸ் தன் பிழைகளையும் எண்ணி எழுதிவைத்தார். முற்றத்தில் கொக்கான் வெட்டிய பெண்கள் கையால் அறிந்ததை யாரும் கொப்பியில் எழுதவில்லை. அந்த ஆட்டத்தின் விதிகளும், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஊரில் சொன்ன பெயர்களும் இன்னும் அம்மம்மாமாரிடம் இருக்கின்றன. ஐந்து கல் பொறுக்கிக்கொண்டு போய்க் கேளுங்கள். கேட்டதை எழுதிவையுங்கள்.