காற்றைக் குளிர வைத்த கதை

எண்ணூரில் தயாராகும் இன்றைய லாரியின் முன்பக்கத்தைத் திறந்து பார்த்தால், தண்ணீர் ஓடும் ரேடியேட்டருக்குப் பக்கத்திலேயே அலுமினியத்தால் செய்த இன்னொரு ரேடியேட்டர் இருக்கும். அதற்குள் ஓடுவது தண்ணீரல்ல, வெறும் காற்று. இன்டர்கூலர் என்று அதற்குப் பெயர். எஞ்சினுக்குள் போகிற காற்றைக் குளிர வைப்பது ஒன்றே அதன் உத்தியோகம். பார்வைக்கு ஒரு லட்சணமும் இல்லாத இந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு யுத்தத்தின் சரித்திரம் இருக்கிறது. அதில் நம் சென்னை மாகாணத்தின் பெயரும் இருக்கிறது.

காற்றை எதற்காகக் குளிர வைக்க வேண்டும்? சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்களைக் கேட்டால் பாதிக் கதையைச் சொல்லிவிடுவார்கள். பம்பை இருபது தடவை அழுத்துவதற்குள் அதன் அடிப்பாகம் கை பொறுக்காமல் சுடும். அழுத்தினால் காற்று சூடாகிறது. சூடான காற்று விரிந்து மெலிகிறது. அதிகக் காற்றை ஊட்டினால் எஞ்சின் அதிக எண்ணெயை எரித்து அதிக பலம் தரும் என்பதற்காகவே சூப்பர்சார்ஜர், டர்போ என்று வைத்துக் காற்றைத் திணிக்கிறார்கள். முன்னதை எஞ்சினே சுழற்றும். பின்னதை எஞ்சின் கக்கும் புகை சுழற்றும். நம் ஊர் வெயிலில் 35 டிகிரியில் நுழையும் காற்றின் அழுத்தத்தை இரு மடங்காக்கினால், அது சுமார் 130 டிகிரிச் சூட்டோடு வெளியே வரும். இரு மடங்கு அழுத்தியும் உள்ளே போகும் காற்று என்னவோ ஒன்றரை மடங்குதான். மீதியெல்லாம் சூட்டுக்குத் தண்டம்! அதையே 55 டிகிரிக்கு ஆற்றிவிட்டால் இரு மடங்கை நெருங்கிவிடலாம்.

திணிக்கும் வித்தை பழசு. டர்போவுக்கு ஸ்விட்சர்லாந்தின் ஆல்பிரட் பூக்கி 1905-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் திணிப்பதில் இருந்த அவசரம் ஆற்றுவதில் உலகத்துக்கு இருக்கவில்லை. அந்த அவசரத்தை உண்டாக்கியது யுத்தம்.

1941-ன் பிற்பகுதியில் ஜெர்மானியரின் போக்கே-வுல்ப் 190 விமானம் பிரான்ஸின் வானத்தில் தோன்றியது. எதிர்த்துப் போன பிரிட்டிஷ் ஸ்பிட்பயர் ஐந்தாம் ரகம் அதற்கு ஈடு கொடுக்க முடியாமல் திணறியது. போன பிள்ளைகளில் பலர் திரும்பவில்லை. பரிகாரம் ரோல்ஸ் ராய்ஸ் தொழிற்சாலையில் வேறு ஒரு காரியத்துக்காகத் தயாராகிக் கொண்டிருந்தது. மிக உயரத்தில் பறக்க வேண்டிய வெல்லிங்டன் குண்டு வீச்சு விமானத்துக்காக, மெர்லின் எஞ்சினில் காற்றை இரண்டு படிகளில் அழுத்தும் சூப்பர்சார்ஜரை அமைத்துப் பார்த்தார்கள். கணக்குப் போட்டவர் ஸ்டான்லி ஹூக்கர். 1938-ல் அந்தக் கம்பெனிக்கு வந்த கணித நிபுணர், எஞ்சின் தொழிலில் அனுபவமே இல்லாதவர். இரண்டு தரம் அழுத்திய காற்று தீயாய்ச் சுட்டது. அதை அப்படியே உள்ளே விட்டால் பெட்ரோல் கலவை முறை தப்பி வெடித்து எஞ்சினையே நொறுக்கிவிடும். ஆகவே வழியில் குளிர்ந்த திரவம் ஓடும் ஓர் இன்டர்கூலரை வைத்தார்கள். 30,000 அடி உயரத்தில் பழைய மெர்லினைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு சக்தி கிடைத்தது! அந்த எஞ்சின் பூட்டிய ஸ்பிட்பயர் ஒன்பதாம் ரகம் 1942 ஜூலையில் போருக்குப் போயிற்று.

இனி நம் மாகாணத்துக்கு வருவோம். யுத்தத்துக்கு ஆளோ பணமோ உதவக் கூடாதென்று தனிநபர் சத்தியாக்கிரகிகள் சிறை சென்ற அதே காலத்தில், சென்னை கவர்னரின் யுத்த நிதிக்கு வசூலும் நடந்தது. மனமுவந்து கொடுத்தவர்களும் உண்டு. அதிகாரிகளின் முகத்துக்காகக் கொடுத்தவர்களும் உண்டு. பிரிட்டிஷ் விமானப் படையின் 234-ஆம், 79-ஆம் ஸ்குவாட்ரன்களுக்குச் சென்னை மாகாணத்தின் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் 234-ஆம் படைக்கு அப்போது ஒன்பதாம் ரகம் வரவில்லை. இன்டர்கூலர் இல்லாத ஐந்தாம் ரகத்தோடுதான் அது 1944 வரையில் காலம் தள்ளியது. பிறகுதான் மஸ்டாங் கிடைத்தது. 79-ஆம் படை பர்மாப் போர்முனையில் ஹரிக்கேன்களை ஓட்டி, 1944-ல் தண்டர்போல்ட்டுக்கு மாறியது. அந்த அமெரிக்க விமானத்தின் டர்போ வால் பக்கத்தில் இருந்தது. மூக்கில் நுழைந்த காற்று உடம்பெல்லாம் கடந்து வாலருகே போய், அழுந்தி, இன்டர்கூலரில் ஆறி, மறுபடி முன்னால் வந்து எஞ்சினைச் சேரும். காற்றைக் குளிர வைக்க இத்தனை தூரம் நடக்க விட்ட விமானம் வேறொன்று எனக்குத் தெரிந்து இல்லை. பணம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இதையெல்லாம் கேள்விப்பட்டிருப்பார்கள்?

யுத்தம் முடிந்து, சுதந்திரம் வந்து, 1948-ல் ரகுநந்தன் சரண் தம் மகன் அசோக்கின் பெயரால் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அந்தக் காலத்து லாரி எஞ்சின்கள் காற்றைத் தாமாக இழுத்துக் கொண்டு சாவதானமாக ஓடியவை. பின்னால் டர்போ வந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது இன்டர்கூலரும் நிலைத்தது. குளிர்ந்த காற்றில் எரியும் நெருப்பின் உச்சச் சூடு குறையும். நுரையீரலைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடும் குறையும். விமானிக்கு உயிர் கொடுத்த சாதனம் நடைபாதையில் போகிறவருக்கு மூச்சுக் கொடுக்க வந்தது என்றால் மிகையில்லை. 2020-ல் பாரத் ஸ்டேஜ் ஆறு வந்த பிறகு அது இல்லாமல் பெரிய டீசல் லாரி இல்லை.

சொந்தக் காரில் டர்போவைத் திருத்தி வேகம் கூட்டுகிற இளைஞர்களின் பாடுதான் இந்தக் கடற்கரையில் கஷ்டம். இன்டர்கூலருக்கு எதிர்க்காற்று வேண்டும். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரிகள் காத்து நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலையில் மாட்டிக் கொண்டால், அது ஆறுவதற்குப் பதில் தானே கொதித்துப் போகும். தண்ணீரைத் தெளித்துப் பார்க்கலாம். ஆனால் ஈரம் செறிந்த கடற்காற்றில் தண்ணீர் எளிதில் ஆவியாகாது, சூட்டையும் அதிகம் எடுக்காது. பந்தயக்காரர்கள் சிலர் ஐஸ் கட்டியை நம்புகிறார்கள். அது உருகும் வரையில் ராஜ வாழ்வு!

இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவை கடலில் ஓடும் படகுகள். டர்போ பூட்டிய கடல் எஞ்சின்களில் காற்றை ஆற்றுவது கடல் நீர். வெயில் எத்தனை கொளுத்தினாலும் சென்னைக் கடல் 30 டிகிரியை அதிகம் தாண்டாது. அதற்குக் குறைவும் கிடையாது. உப்பு அரிக்கும் என்பதால் குழாய்களைச் செம்பும் நிக்கலும் கலந்து செய்கிறார்கள். கூடவே ஒரு துத்தநாகக் கட்டியை அரிப்புக்கு இரையாக உள்ளே வைக்கிறார்கள். அது கரைந்ததும் வேறொன்றை மாற்ற வேண்டும்.