விலகியபின் நின்ற எல்லை

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, சுன்னாகம், மல்லாகம் என்னும் ஊர்களைக் கடந்தால் தெல்லிப்பழையை அடையலாம். இவ்வூரிலே புகழ் பெற்ற இரு கல்லூரிகள் உள்ளன. ஒன்று, அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூவர் பாதிரியார் முதலியோர் 1816 ஆம் ஆண்டிலே தொடங்கிய பாடசாலையின் வழிவந்த யூனியன் கல்லூரி. மற்றையது, பாவலர் தெ. அ. துரையப்பாபிள்ளை 1910 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 14 ஆந் தேதி நிறுவிய மகாஜனக் கல்லூரி. முன்னையது பாதிரிமார் வைத்த விளக்கு; பின்னையது அவ்விளக்கின் ஒளியிலே படித்த ஒருவர் தனியே ஏற்றிய விளக்கு. ஒரே ஊரில் இவ்விரண்டும் நிற்பதைக் காணும்போதெல்லாம் என் மனத்தில் ஒரு வினா எழுவதுண்டு. ஒருவரிடம் ஊழியம் செய்து, அவ்வூழியத்தினின்றும் விலகியவன், தன் பழைய எசமானரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்றல் வேண்டும்?

நேயர்களே, இது சில்லறை வினாவன்று. உத்தியோகத்திற் சேர்வதற்கு விண்ணப்பம் உண்டு, நேர்முகம் உண்டு, நியமனப் பத்திரம் உண்டு. விலகுவதற்கோ ஒரு கடிதம் போதும். ஆனால் அக்கடிதத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. இளைப்பாறிய இலிகிதரை ஆறு மாதங் கழித்தும் கந்தோரிலிருந்து ஆள் தேடிவந்து, "அந்தப் பழைய கோவை எங்கே இருக்கின்றது, ஐயா?" என்று கேட்பதை நம்மூரிற் பலர் கண்டிருப்பர். கேட்டவுடன் எழுந்து போகின்றவரும் உளர். படலையிலேயே மறித்து அனுப்புகின்றவரும் உளர். போனால் விலகியதாகாது, மறித்தாலோ உண்ட சோற்றை மறந்தான் என்னும் பழி. கற்ற தொழிலை அங்கே விட்டுவர முடியாது. கொண்டு வந்தாலோ, எங்களிடம் கற்றதை எங்களுக்கே எதிராகப் பயன்படுத்துகின்றான் என்னும் குறை எழும். இச்சிக்கல் யாவும் ஒருங்கே திரண்டுவந்த ஒரு விலகல் யாழ்ப்பாணச் சரித்திரத்திலே உண்டு. அது 1848 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நிகழ்ந்தது. விலகியவர் நல்லூர் ஆறுமுகநாவலர். விலகப்பட்டவர் பீற்றர் பார்சிவல் பாதிரியார்.

பார்சிவல் பாதிரியார் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்தவர். இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி என வழங்கும் ஆங்கில பாடசாலையை நடத்தியவர். தமிழிலே நல்ல விருப்பமுடையவர். 1842 ஆம் ஆண்டிலேயே தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி யாழ்ப்பாணத்தில் அச்சிட்டவர். 1822 ஆம் ஆண்டு பிறந்த ஆறுமுகம் என்னும் மாணவன் அப்பாடசாலையிலே ஆங்கிலம் கற்று, இருபது வயது நிரம்புமுன்னரே அங்கு ஆசிரியரானார். அம்மட்டில் நில்லாது, பாதிரியாருக்குத் தமிழ்ப் பண்டிதராகவும் அமர்ந்தார். வேதாகமத்தைத் தமிழிலே புதிதாகப் பெயர்க்கும் பணி அப்போது நடந்துகொண்டிருந்தது. அப்பணியிலே பாதிரியாரின் வலக்கையாய் நின்றவர் இவ்விளைஞர். கிறிஸ்தவராகாமல், நெற்றியில் திருநீற்றோடு இருந்துகொண்டே அவ்வேலையைச் செய்தார் என்பதை மறத்தலாகாது. எசமானர் அதனைப் பொறுத்தார். பொறுத்தவருக்கும் அதிலே ஒரு பெருமை உண்டு என்பதே என் எண்ணம்.

இனி, சரித்திரகாரர் பலர் விரைந்து கடந்துபோகும் இடத்தில் சற்றே தரிப்போம். 1847 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31 ஆந் தேதி, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயில் வசந்தமண்டபத்திலே நாவலர் தமது முதற் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். மிஷன் உத்தியோகத்தினின்றும் அவர் நீங்கியது மறுவருடம் செப்டெம்பரில். ஆகவே ஏறக்குறைய ஒன்பது மாத காலம், பகலிலே பாதிரியாரின் மேசையில் விவிலிய வசனத்துக்கு ஏற்ற தமிழ்ச் சொல்லைத் தேடியவர், வெள்ளிக்கிழமை மாலையிலே கோயில் மண்டபத்தில் நின்று, பாதிரிமாரின் பிரசாரத்தினின்றும் சைவர்களைக் காக்கப் பேசினார். இவ்விரண்டும் ஓர் ஊரிலே, ஒருவரே, ஒளிவுமறைவின்றிச் செய்தவை.

இது முறையா என்று கேட்பாருக்கு நான் சொல்லும் விடை நேயர் சிலருக்கு உவப்பாயிராது. முறையன்று என்றே கருதுகின்றேன். ஒருவருடைய சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு அவருடைய நோக்கத்துக்கு மாறாகப் பிரசங்கித்தல் நெடுங்காலம் நிலைக்கக் கூடியதன்று. நாவலரும் அதனை உணர்ந்தார் என்பதற்கு அவருடைய விலகலே சான்று. பாதிரியார் போகவேண்டாமென வேண்டிக்கொண்டார் என்றும், சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொன்னார் என்றும் நாவலர் சரித்திரம் கூறுவோர் சொல்வர். தமையன்மார் அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்திருந்த குடும்பத்திலே, உத்தியோகமே புருஷலட்சணம் என்றிருந்த ஊரிலே, இருபத்தாறு வயது நிரம்பாத ஒருவர் அதனை உதறியமை சிறிய காரியமன்று. அவர் பின்னர் எந்தச் சம்பள உத்தியோகத்தையும் ஏற்கவில்லை, விவாகமுஞ் செய்துகொள்ளவில்லை.

விலகிய அவ்வருடத்திலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. மறுவருடம் 1849 இலே, மாணாக்கர் சதாசிவப்பிள்ளையை உடன்கொண்டு சென்னை சென்றார்; திருவாவடுதுறை ஆதீனத்திலே நாவலர் என்னும் பட்டம் பெற்றார்; அச்சியந்திரமொன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். 1850 ஆம் ஆண்டு தொடங்கிப் பாலபாடங்கள் வெளிவந்தன. 1852 இற் பெரியபுராணம் வசனநடையில் வந்தது. 1854 இலே சைவதூஷண பரிகாரம் வந்தது.

இப்பட்டியலைச் சற்று ஊன்றிப் பாருங்கள். பாடசாலை, அச்சுக்கூடம், படிமுறைப் பாடபுத்தகம், சிறு கண்டனப் பிரசுரம், வாராந்தப் பிரசங்கம். இவற்றுள் எந்த ஒன்றையும் அவர் மிஷனுக்கு வெளியே கண்டவரல்லர். ஓலைச்சுவடியும் திண்ணைப்பள்ளியும் புராணபடனமும் இருந்த சைவர் உலகத்திலே இவ்வைந்தும் இவ்வுருவில் இருந்தில. ஆயுதங்கள் யாவும் பழைய எசமானருடைய பட்டறையிலே பழகியவை. சைவதூஷண பரிகாரத்திலே அவர் செய்தது அதனினும் நுட்பமானது. சைவருடைய கிரியைகளைப் பாதிரிமார் இகழ்ந்தபோது, விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலேயே தூபமும் தீபமும் பலியும் அபிஷேகமும் விதிக்கப்பட்டுள்ளனவே என்று இடஞ்சுட்டி எடுத்துக்காட்டினார். விவிலியத்தை வரிவரியாகப் பெயர்க்க உதவிய ஒருவருக்கன்றி இது எளிதில் வாய்க்குமோ?

இங்கேதான் எல்லை எது என்னும் வினா கூர்மையடைகின்றது. பாதிரியாருடைய அந்தரங்கத்தை நாவலர் வெளியிட்டாரா என்றால், இல்லை. அவர் எடுத்தாண்டது அச்சிலே விற்கப்பட்ட, உலகறிந்த ஒரு நூல். அதனைப் படிக்கும் திறமை அவருடையது. அத்திறமையை வளர்த்த பொழுதுக்குத்தான் மிஷன் சம்பளம் கொடுத்தது. சம்பளம் பொழுதுக்குரிய விலை. அறிவைச் சாசனம் எழுதிக் கொடுத்ததாகாது. இவ்வகையில் நாவலர் பக்கமே நியாயம் என்பேன். இன்னொன்றும் உண்டு. தாம் உழைத்த மொழிபெயர்ப்பை அவர் பாதியிலே குலைத்துவிட்டுப் போகவில்லை. அது 1850 ஆம் ஆண்டிலே அச்சாகி வெளிவந்தது. சென்னைத் திருச்சபையார் அதனை முழுமனத்தோடு ஏற்கவில்லை என்பது வேறு கதை. அம்மொழிபெயர்ப்பு இன்றும் நாவலருடைய பெயரோடு சேர்த்தே பேசப்படுகின்றது.

ஆயினும் கொண்டுவரத் தக்க ஒன்றை அவர் கொண்டுவரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மிஷன் பாடசாலைகள், எத்துணைத் தயக்கத்தோடாயினும், தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்க முயன்றன. நாவலர் சாதி ஆசாரத்தைக் கைவிட்டவரல்லர். அவர் காட்டிய சைவக் கல்வியும் அவ்வேலிக்குள்ளேயே நின்றது. பட்டறையிலிருந்து ஆயுதங்களைத் தெரிந்தெடுத்தவர், அங்கே திறந்திருந்த கதவொன்றை அங்கேயே விட்டுவந்தார்.

பாதிரியாரின் கதையும் சுவையானது. நாவலர் நீங்கிச் சில ஆண்டுகளுக்குள்ளே பார்சிவலும் தம்முடைய வெஸ்லியன் சங்கத்தை விட்டு விலகி, இங்கிலாந்துத் திருச்சபையிற் சேர்ந்தார். பின்னர் சென்னை சென்று, இராசதானிக் கல்லூரியிலே பேராசிரியராக அமர்ந்தார். ஆக, விலகப்பட்டவரும் தம் எசமானரை விட்டு விலகியவரே. சென்னையிலே அவர் தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தினார். அதன் ஆசிரியத்துவத்துக்கு அவர் யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்துக்கொண்டவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை.

தாமோதரம்பிள்ளை நம் தெல்லிப்பழைக்கு உரியவர். இவ்வூர் அமெரிக்க மிஷன் பாடசாலையிலேதான் ஆங்கிலமும் கணிதமும் தொடங்கினார். அதன்பின் வட்டுக்கோட்டைச் செமினரியிலே பயின்று 1852 இல் வெளியேறினார். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். கிறிஸ்தவராகச் சென்றவர் அங்கே மீண்டும் சைவரானார். சைவ மகத்துவம், விவிலிய விரோதம் என்னும் நூல்களையும் எழுதினார். ஆனால் நாவலரைப்போல் எதிர்ப்பக்கத்திலே பாசறை அமைத்து வாழ்ந்தவரல்லர். அரசாங்க உத்தியோகம், நியாயசாஸ்திரம், நீதிபதிப் பதவி என்று வேறு திசையிலே சென்றுவிட்டார். ஓய்ந்த பொழுதெல்லாம் பழந்தமிழ் ஏடுகளுக்கே ஆயிற்று. 1868 இலே தொல்காப்பியச் சேனாவரையத்தைப் பதிப்பித்தபோது, அதனைப் பார்வையிட்டவர் நாவலர். சண்டை போடாமல் தூரம் போய்விடுதலும் எல்லை அமைக்கும் ஒரு வழிதான். காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்: அவருடைய மைந்தர் அழகசுந்தரம் கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்னும் பெயரோடு தமிழ்ப் பேராசானாய் விளங்கினார்.

மூன்றாமவர்தாம் நான் முதலிலே குறித்த துரையப்பாபிள்ளை. 1872 இலே தெல்லிப்பழையிற் பிறந்தவர். மிஷன் கல்வியிலே வளர்ந்தவர். மிஷனாருடைய உதயதாரகைப் பத்திரிகையிலும் பணிபுரிந்தவர். கிறிஸ்தவராக இருந்து சைவத்துக்கு மீண்டவர். இதோபதேச கீதரசமஞ்சரி, சகலகுணசம்பன்னன் என்னும் நூல்களாலே தமிழிலக்கியத்தில் தமக்கென ஓர் இடம் பெற்றவர். ஊரை விட்டுப் போய் வேறிடத்திலே பாடசாலை அமைத்திருந்தால் எவருக்கும் நெருடல் இராது. அவர் போகவில்லை. பழைய எசமானருடைய பாடசாலை நின்ற ஊரிலேயே, பழைய தோழரை நாடோறும் தெருவிலே காணவேண்டிய நிலையிலேயே, தம் பாடசாலையைத் தொடங்கினார். அதற்கு மகாஜனம் என்று பெயரிட்டார். பெயரிலே சமயத்தின் சாயல் இல்லை, வேறெவருக்கும் எதிர்ப்பும் இல்லை. பொதுமக்களுடையது என்பதே பொருள். இதனை நான் பெரிதும் வியக்கின்றேன். வேலி போட்டார், வேலியிலே முள் வைக்கவில்லை.

பாவலர் 1929 இலே காலமானார். பின்னர் அவர் மைந்தர் தெ. து. ஜயரத்தினம் 1945 தொடங்கி 1970 வரை அதிபராயிருந்து அக்கல்லூரியை உயர்த்தினார். மஹாகவி என நாம் போற்றும் அளவெட்டி து. உருத்திரமூர்த்தி அங்கே பயின்றவர்.

1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, தெல்லிப்பழையிலே மிஷனார் தொடங்கிய பாடசாலையும், மிஷனை விட்டு விலகியவர் தொடங்கிய பாடசாலையும் ஒரே கல்வித் திணைக்களத்தின் கீழ் வந்தன. இரண்டிலும் கற்பிப்போர் இன்று ஒரே எசமானரிடம் சம்பளம் பெறுகின்றனர்.